பீரோவுக்குள் ஒன்பது பேர்

திண்டிவனத்தில் என் நண்பன் ஒருவன் இரும்புக் கடை வைத்திருக்கிறான். கம்பி, சிமெண்ட், பெயிண்ட், பைப் எல்லாம் கிடைக்கும். ஆட்கள் மொத்தம் 24 பேர். பில் போட இரண்டு பெண்கள், மூன்று டிரைவர், லோடு ஏற்ற ஆறு பேர். மீதிப் பேர், 'முக்கால் இஞ்ச் எல்போ எங்கப்பா வெச்சே?' என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

போன மாசம் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு போன் பண்ணினான்.

"இரும்பை கோயிலுக்குப் போறேன். கூட வர்றியா? வழியில உன்கிட்ட நாலு கேள்வி கேக்கணும். ஆளுங்க தொல்லை தாங்கல. நீ பி.காம்.தானே?"

"நீயும் அதே கிளாஸ்லதானேடா உட்கார்ந்திருந்தே?"

"உட்கார்ந்திருந்தேன். பாஸ் பண்ணலையே!"

மறுக்க முடியாத வாதம். கிளம்பிவிட்டேன். (இரும்புக் கடைக்காரன் இரும்பைக்குப் போவதில் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டேன். அவனுக்கு அதுவரை தோன்றவே இல்லையாம். அன்று முழுக்க அதையே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்தான்.)

நான் எழுதாத நேரத்தில் சின்னக் கம்பெனிகளுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன். முதலாளிகள் என்னிடம் கேட்கிற கேள்விகளை ஆபீஸ் போகிற நீங்கள் ஒட்டுக் கேட்டால், பாதிப் பேர் அன்றைக்கே ராஜினாமா எழுதுவீர்கள். மீதிப் பாதி, 'அட, எங்க மானேஜர் குரல் மாதிரியே இருக்கே' என்பீர்கள். இதைப் படித்துவிட்டு, பத்திரிகையை அவர் டேபிளில் 'தற்செயலாக' மறந்து வைத்துவிட்டு வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கார் கிளியனூரைத் தாண்டியதும் கேள்விகள் ஆரம்பமாயின. சிமெண்ட் கம்பெனி இனாமாகக் கொடுத்த டைரியில் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தான். மொத்தம் பதினொன்று.

"கம்பி செக்‌ஷன்ல ஒருத்தன் இருக்கான். அமாவாசை வந்தா போதும், மேல்மலையனூர் போயிடறான். கேட்டா, 'ஆத்தா கூப்பிட்டா மொதலாளி'ங்கறான். ஆத்தாவுக்கு நான் எப்படிடா மெமோ குடுக்கறது?"

"வருஷத்துக்கு எத்தனை அமாவாசை?"

"பன்னெண்டு. சில வருஷம் பதிமூணு."

"தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்னு ஒண்ணு 1947-லேர்ந்து இருக்கு. நியாயமான காரணம் எதுவா இருந்தாலும் வருஷத்துக்கு 12 நாள் காஷுவல் லீவ், சம்பளத்தோட. ஆத்தா கணக்கும் கவர்மெண்ட் கணக்கும் கரெக்டா பொருந்துது. அந்தப் பதிமூணாவது அமாவாசைக்கு மட்டும் வேணா சம்பளம் புடிச்சுக்க."

அவன் முகத்தில் திருப்தி இல்லை. போகிற போக்கில் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். உடம்பு சரியில்லை, அடிபட்டுவிட்டது என்றால் அதற்குத் தனியாக 12 நாள். ஒரு வருஷம் முழுசாக வேலை பார்த்துவிட்டால், சம்பளத்தோடு ஓய்வு விடுமுறை இன்னொரு 12 நாள். அதை எடுக்காவிட்டால் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். அப்புறம் 1958-ல் வந்த தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, கூடவே பண்டிகைக்கு ஐந்து... ஆக ஒன்பது.

மனசுக்குள் கூட்டினான். கூட்டலில் மட்டும் அவன் எப்போதுமே கெட்டி.

"நாப்பத்தஞ்சு நாளா!"

"வார லீவு தனி."

வண்டி லேசாக ஆடியது. நான் சீட் பெல்ட்டைச் சரிபார்த்துக் கொண்டேன்.

அடுத்த கேள்வி, லேட்டாக வருகிறவர்கள் பற்றி. கடை ஒன்பது மணிக்கு. ஒன்பது பத்துக்கு வந்தால் அரை நாள் சம்பளம் கட். இது அவனே கண்டுபிடித்த சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் பாதிக் கடைகளிலும், கண்ணாடி ஜன்னல் வைத்த பல ஆபீஸ்களிலும் இதுதான் நடக்கிறது. உங்களில் பலர் மூன்று நாள் லேட்டுக்கு ஒரு காஷுவல் லீவைத் தாரை வார்த்திருப்பீர்கள்.

நான் டைரியை வாங்கிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். சம்பளம் 15,000. மாசத்துக்கு 26 வேலை நாள். ஒரு நாளைக்கு சுமார் 577 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 72. பத்து நிமிஷத்துக்கு 12 ரூபாய். எவ்வளவு நேரம் வேலைக்கு வரவில்லையோ அந்த நேரத்துக்குத்தான் பிடிக்கலாம் என்கிறது ஊதியச் சட்டம். இவன் பிடிப்பது 288.

"பன்னெண்டு ரூபாய்க்கு 288 ரூபாயா? இதை நீ வட்டிக்கு விட்டா கந்து வட்டிக் கேஸ்ல உள்ள போயிடுவே."

"அப்ப அபராதம்னு போட்டுக்கலாமா?"

ஆசையைப் பாருங்கள். அபராதத்துக்கும் அளவு உண்டு. என்னென்ன தப்புக்கு அபராதம் என்று முன்னாலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். எல்லாம் சேர்த்து அந்த மாசச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வசூலான பணமும் முதலாளி பாக்கெட்டுக்குப் போகாது. தொழிலாளிகளுக்குப் பிரயோஜனமான காரியத்துக்குத்தான் செலவு பண்ண வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அபராதத்தில் அவனுக்கு இருந்த ஆர்வம் போய்விட்டது.

திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் டீ குடித்துவிட்டு ஆரோவில் பக்கமாகத் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் இரும்பை. சின்ன ஊர், பழைய கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலம். மாகாளம் என்ற பெயரோடு மூன்று இடங்கள் சொல்வார்கள்: வடக்கே உஜ்ஜயினி, சோழ நாட்டில் அம்பர், இங்கே இரும்பை. மாகாளேஸ்வரர் லிங்கம் மூன்று துண்டாகி, செப்புத் தகடு வைத்துச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது ஏன் உடைந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. என் நண்பனின் நாலாவது கேள்விக்கு அந்தக் கதைதான் பதில் என்பதால் சொல்கிறேன்.

நாலாவது கேள்வி இது: 'தப்புப் பண்றவனை கஸ்டமர் எதிர்லயே திட்டலாமா? அப்பத்தான் மத்தவனுக்கும் பயம் வரும்.'

கடுவெளிச் சித்தர் இந்தப் பக்கத்தில் மரத்தடியில் தவம் இருந்தாராம். விழுகிற இலையைத் தின்பார், அவ்வளவுதான் சாப்பாடு. ஊரில் மழை இல்லை. சித்தரின் தவச்சூடுதான் காரணம் என்று ராஜாவுக்கு யாரோ ஓதிவிட, ஒரு நாட்டியக்காரியை அனுப்பி தவத்தைக் கலைக்கச் சொன்னார். அந்தப் பெண் கெட்டிக்காரி. இலைக்குப் பதில் அப்பளத்தை வைத்து வைத்து, மெதுவாக அவரைப் பேச வைத்து, ஊருக்கே கூட்டிவந்துவிட்டாள். அப்புறம் கோயிலில் அவள் ஆடும்போது காலில் இருந்து சிலம்பு கழன்றது. ஆட்டம் தடைப்படக் கூடாதே என்று சித்தர் எழுந்துபோய் அவள் காலில் சிலம்பை மாட்டிவிட்டார். ராஜாவும் ஜனங்களும் 'கொல்'லென்று சிரித்தார்கள். சித்தருக்கு வந்ததே கோபம்! பாடினார், லிங்கம் வெடித்தது. பிறகு ராஜா காலில் விழுந்து கெஞ்சியதெல்லாம் தனிக் கதை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றியும் சொல்வார்கள்.

"இதுல நான் யாரு?" என்றான்.

"ராஜா. வேலை நடந்துக்கிட்டிருந்தப்போ ஒரு சிக்கல் வந்துது. எவனும் எழுந்திருக்கல. ஒருத்தன் எழுந்துபோய் சரி பண்ணினான். அவனைப் பார்த்து சபையே சிரிச்சுது. அதுக்கப்புறம் உன் கடையில சிலம்பு கழண்டா எவன் குனிஞ்சு எடுப்பான்?"

சந்நிதியில் நின்று அந்தச் செப்புத் தகட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தான். திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டு, பாராட்டுவதாக இருந்தால் நாலு பேர் நடுவில் பாராட்டு என்று எல்லா மானேஜ்மெண்ட் புத்தகத்திலும் போட்டிருக்கிறான். நம் முதலாளிகள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பாராட்டு ரகசியம். திட்டு பப்ளிக்.

வெளியே வந்து நிழலாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தோம். காலை நீட்டி, 'அப்பாடா' என்றான். நான் கேட்டேன்:

"உன் ஆளுங்க கடையில எங்க உட்காருவாங்க?"

"எதுக்கு உட்காரணும்? கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்குமா?"

"கஸ்டமர் இல்லாதப்போ?"

"சிமெண்ட் மூட்டை மேல சாஞ்சுக்குவானுங்க."

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், காலையில் வந்து நின்றால் ராத்திரி போகும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். கால் வீங்கும், இடுப்பு விட்டுப் போகும். பாத்ரூம் வசதி இல்லை என்பதால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அதே ஊரில் தையல் வேலை பார்த்த விஜி என்கிற பெண்மணி அவர்களைச் சேர்த்து ஒரு அமைப்பு கட்டினார். பல வருஷம் போராடினார்கள். கேட்டது என்ன? உட்கார ஒரு நாற்காலி. 2018-ல் கேரள அரசு சட்டம் கொண்டுவந்தது. 2021-ல் நம் சட்டசபையிலும் அதே மாதிரி திருத்தம் நிறைவேறியது. கடை, நிறுவனம் எதுவானாலும் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து கொடுத்தே ஆக வேண்டும். 'அங்காடித் தெரு' படம் வந்தது 2010-ல். படம் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிய நாமெல்லாம் மறுநாள் அதே மாதிரிக் கடைக்குப் போய் நின்றுகொண்டிருந்த பையனிடம் பத்து சட்டையைப் பிரிக்கச் சொன்னோம்.

"சரி, ஆறு ஸ்டூல் வாங்கிடறேன்" என்றான். இதற்கு அவன் சண்டை போடவில்லை. ஸ்டூல் சல்லிசு.

பில் போடும் இரண்டு பெண்களைப் பற்றி டைரியில் கேள்வியே இல்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். பத்துப் பேர் வேலை பார்க்கிற இடம் என்றால், பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளேயே ஒரு கமிட்டி வேண்டும். தலைமை ஒரு பெண். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியாள் ஒருவர். 2013-ம் வருஷச் சட்டம். கமிட்டி போடாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

"நம்ம கடையில அந்த மாதிரியெல்லாம் கிடையாதுப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"யாரும் சொன்னதில்லையே."

"யார்கிட்ட சொல்வாங்க? உன்கிட்டயா?"

பதில் வரவில்லை. கீழே கிடந்த இலையைக் கிள்ளிக் கொண்டிருந்தான். "என் வொய்ஃபைக் கமிட்டில போடலாமா?" என்றான் கடைசியில். முதலாளியின் மனைவியிடம் போய் முதலாளி கடை விஷயத்தை எந்தப் பெண் வாய் திறந்து சொல்வாள்? கடையிலேயே சீனியரான அந்த பில்லிங் அம்மாவைத் தலைவராகப் போடு, வெளியாளாக இந்த விஷயம் தெரிந்த பெண் வக்கீல் ஒருவரைக் கேள் என்றேன். எழுதிக்கொண்டான்.

அடுத்தது பி.எஃப். இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஆள் 24 பேர் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். அவன் ரிக்கார்டில் எத்தனை பேர் தெரியுமா? 19.

தமிழ்நாட்டில் 19 ஒரு புனிதமான எண். எந்தச் சின்ன முதலாளியைக் கேட்டாலும், 'நம்மகிட்ட 19 பேருங்க' என்பார். இருபதாவது ஆள் வந்தால் பி.எஃப். கட்ட வேண்டுமே! எனவே இருபதாவது ஆள், 'சொந்தக்காரப் பையன், சும்மா வந்து போறான்.' இருபத்தொன்றாவது ஆள், 'லீவுல வந்திருக்கான்.' தொழிலாளி பங்கு 12 சதவிகிதம், முதலாளி பங்கு 12 சதவிகிதம். முதலாளி கட்டுவதில் 8.33 பென்ஷனுக்குப் போகும். ஒருநாள் ஆபீஸர் வந்து தலையை எண்ணினால், பழைய பாக்கியில் தொழிலாளியின் பங்கையும் சேர்த்து முதலாளியே கட்ட வேண்டும். அந்தப் பையன் சம்பளத்தில் இப்போது பிடிக்க முடியாது. வட்டி, அபராதம் வேறு. ஐந்து பேரை மறைத்து மிச்சம் பிடித்தது மொத்தமும் ஒரே நாளில் போகும்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று. பழைய கம்பெனியை விட்டபின் பி.எஃப். பணம் வரவில்லை என்று அலைகிறவர்கள், கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதிவு செய்ததா என்று முதலில் பாருங்கள். நிறையப் பேருக்கு அங்கேதான் நிற்கிறது. 2020 ஜனவரியிலிருந்து அந்தத் தேதியை, கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாசம் ஆனபின், நீங்களே ஆன்லைனில் போட்டுக்கொள்ள வசதி செய்திருக்கிறார்கள். பழைய மானேஜரைத் தேடிப் போய் கும்பிடு போட வேண்டியதில்லை.

"எட்டு வருஷமா இருக்கற டிரைவர் நின்னுக்கறேங்கறான். ஒரு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்து, கையில அஞ்சாயிரம் வெச்சு அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"சம்பளம் எவ்வளவு?"

"பதினஞ்சு. படி கிடி ஒண்ணும் கிடையாது."

மறுபடி டைரி. கிராஜுவிட்டி என்பது ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம். மாசத்தை 26 நாளாக வைத்து வகுக்க வேண்டும். பதினைந்தாயிரத்தைப் பதினைந்தால் பெருக்கி, எட்டால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்தால் 69,231 ரூபாய். ஐந்து வருஷம் முடித்த யாருக்கும் இது உண்டு, கடையில் பத்துப் பேர் இருந்தால் போதும். இதற்கான 1972-ம் வருஷச் சட்டம் இப்போது தனியாக இல்லை. பழைய மத்தியச் சட்டங்கள் 29-ஐ நாலு தொகுப்பாக்கி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் இந்தக் கணக்கு மாறவில்லை. இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று காண்ட்ராக்ட் போட்டு எடுத்த ஆளுக்கு ஒரு வருஷம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு என்பது புதுசு. ஆள் நின்றாலும் சரி, நிறுத்தினாலும் சரி, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதில் வருகிறது. 'அடுத்த மாசம் பத்தாம் தேதி வந்து பாருப்பா' என்பதற்கெல்லாம் இனி இடமில்லை.

"அப்ப வேட்டி சட்டை?"

"அதையும் குடு. எட்டு வருஷம் உன் லோடை ஒரு ஆக்ஸிடெண்ட் இல்லாம ஓட்டியிருக்கான்."

இப்படியே ஒவ்வொன்றாகப் போய், 'ஆளைச் சட்டுனு நிறுத்த முடியுமா?' என்ற கேள்விக்கு வந்தோம். ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவன் என்றால் நியாயமான காரணம் வேண்டும், ஒரு மாச நோட்டீஸ் அல்லது ஒரு மாசச் சம்பளம் தர வேண்டும். திருடினான், அடித்தான் என்று குற்றம் சொல்வதானால், விசாரணை வைத்து சாட்சியத்தோடு எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் 'நாளை முதல் வர வேண்டாம்' என்று அனுப்பினால் அது விசாரணை ஆகாது.

பதினோராவது கேள்வியை அவன் படிக்கவில்லை. டைரியை மூடிவிட்டான். நான் பிடுங்கிப் பார்த்தேன். 'சர்ட்டிபிகேட்' என்று ஒரே ஒரு வார்த்தை.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்ல. ஆளுங்களோட ஒரிஜினல் மார்க் ஷீட்டெல்லாம் பீரோல வெச்சிருக்கேன். ஒம்பது பேரோடது. எல்லாரும் செய்யறதுதான். போன வருஷம் ஒருத்தன் நாப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டு திருப்பூர் போயிட்டான். ஒரு பிடி வேணாமா?"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இத்தனை வருஷமாக அவனிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

காலேஜ் முடித்து சென்னையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு தனியார் கம்பெனியில். பெயர் வேண்டாம். சேரும்போது, 'வெரிஃபிகேஷனுக்கு ரெண்டு நாள்' என்று பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றையும் வாங்கினார்கள். அந்த இரண்டு நாள் இரண்டரை வருஷம் ஓடியது. 2013-ல் பாங்க் கிளார்க் பரீட்சை எழுதி இண்டர்வியூ வந்தது. ஒரிஜினல் கொண்டுவர வேண்டும் என்று போட்டிருந்தது. மானேஜரிடம் போனேன். 'எதுக்குப்பா?' என்றார். பொய் சொல்ல வரவில்லை, உண்மையைச் சொன்னேன். 'அப்ப ரெஸிக்னேஷன் குடு. ரெண்டு மாசம் நோட்டீஸ். அது முடிஞ்சதும் வாங்கிக்க' என்றார். இண்டர்வியூ ஐந்து நாளில்! ஜெராக்ஸோடு போய் நின்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனுஷர். 'ஸாரி தம்பி' என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார்.

அந்த வேலை எனக்குக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. உள்ளே போய் ரிசர்வ் வங்கி கவர்னர் பெயரை மறந்து உளறியிருக்கலாம். அதுகூடத் தெரியாமல் போய்விட்டது. அப்பாவிடம், 'இண்டர்வியூ சரியா பண்ணலைப்பா' என்று சொன்னேன். இன்றுவரை அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றான் நண்பன்.

"சொல்லி?"

ஒரு தொழிலாளியின் மூலச் சான்றிதழை முதலாளி பிணையாக வைத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது. கல்லூரிகள் இப்படிப் பிடித்து வைத்த வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றம், சான்றிதழ் ஒன்றும் விற்பனைச் சரக்கு இல்லை, அதை அடமானம் மாதிரிப் பிடித்து வைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. வாங்கிப் பார், சரிபார், ஜெராக்ஸ் எடுத்துக்கொள், அன்றைக்கே திருப்பிக் கொடு. அவ்வளவுதான் முதலாளி வேலை. தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும். போலீஸில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று, படித்த பள்ளிக்கூடத்துக்கு நடை, அப்புறம் மாசக்கணக்கில் காத்திருப்பு. அந்த இடைவெளியில் டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேதி வந்தால் போச்சு.

அதற்காக முதலாளி பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. செலவு பண்ணி டிரெயினிங் கொடுத்துவிட்டு, மறுமாசமே ஆள் பறந்தால் யாருக்குத்தான் எரியாது? அதற்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. விஜயா பாங்க் வழக்கில் 2025 மே மாதம் உச்சநீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. பேப்பரில் எழுதி, நியாயமான தொகை போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட விஷயம். அட்வான்ஸும் அப்படித்தான். கடன் என்று எழுதி வாங்கு, மாசா மாசம் இவ்வளவு என்று பிடி. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். ஆனால் இவன் வைத்திருக்கிற ஒன்பது பேரில் எத்தனை பேர் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள்?

"ரெண்டு பேர்" என்றான் மெதுவாக.

"மத்த ஏழு பேர்?"

"அவனுங்களும் போயிடக் கூடாதேன்னுதான்."

டைரியில் இருந்த மற்ற பத்துக் கேள்விகளுக்கும் அடியில் இருந்தது இந்த ஒரே பயம்தான் என்று எனக்குத் தோன்றியது. மேல்மலையனூர் போகிறவன் திரும்பி வராமல் போய்விட்டால்? உட்காரவிட்டால் குளிர்விட்டுப் போய்விட்டால்? பயத்தில் அவன் ஒன்பது பேரை பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தான். பூட்டியும் திருப்பூர் போகிறவன் போய்க்கொண்டுதான் இருந்தான்.

திரும்பும்போது வண்டியில் பேச்சே இல்லை. வழியில் வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கினான். அதையும் பிரிக்கவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் நேராக பீரோவிடம் போனான். உள்ளே ரசகற்பூர வாசனை. மேல்தட்டில் பழுப்புக் கவர்கள் ஒன்பது. ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் பெயர். ஒரு கவரின் ஓரத்தில் தின்னர் கசிந்து கறை பிடித்திருந்தது. பிரித்துப் பார்த்தோம், நல்லவேளை, மார்க் ஷீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலில் பெயிண்ட் செக்‌ஷன் பையனைக் கூப்பிட்டான். இருபத்திரண்டு வயசு இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன், நீட்டிய கவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"இந்தா, புடி."

"மொதலாளி... நான் எதாவது தப்புப் பண்ணிட்டேங்களா?"

"இல்லடா. உன்னோடதுதானே? நீயே வெச்சுக்க."

பையன் வாங்கவில்லை. என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அப்ப நாளைக்கு நான் வரணுங்களா, வேணாங்களா?"

நண்பன் என்னைப் பார்த்தான். இந்தக் கேள்வி டைரியில் இல்லை.

"வாடா. கரெக்டா ஒம்பது மணிக்கு வா. பத்து நிமிஷம் லேட்டானா பன்னெண்டு ரூபா புடிப்பேன்."

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. கவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அடுத்த அரை மணி நேரத்தில் எட்டுக் கவர் பீரோவை விட்டு வெளியே போயின. பில்லிங் அம்மா கவரைப் பிரித்து, தன் பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கைப் பார்த்து, '91 வாங்கியிருக்கேன் பாருங்க' என்று எல்லோரிடமும் காட்டினார்.

ஒன்பதாவது கவருக்கு ஆள் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவன். சொல்லாமல் நின்றுவிட்டானாம். இவனும் கோபத்தில் கூப்பிடவில்லை, அவனும் பயத்தில் வரவில்லை. அவன் கொடுத்திருந்த நம்பருக்கு போன் போட்டோம். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. உள்ளே பத்தாவது, பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ. மூன்றும் ஒரிஜினல். ஜாதிச் சான்றிதழ் வேறு. மாற்றுச் சான்றிதழில் மரக்காணம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பெயர் இருந்தது.

நண்பன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மணி மூன்று.

"மரக்காணம் எவ்வளவு தூரம் இருக்கும்?"

"முப்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும்."

கல்லாவைப் பில்லிங் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, கார் சாவியை எடுத்தான். மல்லாட்டைப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்தான்.